கத்தாருக்குப் போகாத மாமா

எங்க மாமா பதினோரு மாதம் ஊரில் இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் வீட்டில் ஒரே பதில்தான் வைத்திருந்தோம். "கத்தார்ல ஒரு ப்ராஜெக்ட். முடிஞ்சதும் வந்துருவான்." திருச்சிப் பக்கம் ஒரு வெல்டர் வீட்டில் இதைவிட நம்பும்படியான பொய் கிடையாது. தெருவுக்கு இரண்டு பேர் வளைகுடாவில் இருப்பார்கள். நிஜத்தில் மாமா இருந்தது எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரம் தள்ளி, ஆண்களுக்கு மட்டுமான ஒரு குடிமீட்பு இல்லத்தில்.

மாமாவிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "என் பேரு, அந்த எடத்தோட பேரு ரெண்டும் வேணாம் மாப்ள. வெல்டர்னு போட்டுக்க. அதுல ஒண்ணும் கேவலம் இல்ல" என்றார்.

மெக்கானிக்கல் ஆட்களுக்குத் தெரியும், மற்ற டிபார்ட்மென்ட்டுக்காகச் சொல்கிறேன். பாய்லர் குழாய்களை இணைக்கும்போது முதல் லேயரை, அதாவது ரூட் பாஸை, பெரும்பாலும் டிக் வெல்டிங்கில்தான் போடுவார்கள். டங்ஸ்டன் நுனி உருகிக்கிடக்கிற உலோகத்துக்கு மேலே சில மில்லிமீட்டரில் நிற்க வேண்டும், தொட்டுவிடக் கூடாது. தொட்டால் டங்ஸ்டன் துணுக்கு உள்ளே மாட்டிக்கொள்ளும். அப்புறம் எக்ஸ்ரே எடுக்கும்போது ஃபிலிமில் வெள்ளைப் புள்ளியாக வந்து காட்டிக்கொடுத்துவிடும். மாமா அந்த வேலையில் இருபது வருடம் பேர் எடுத்தவர். கடைசி இரண்டு வருடம் அவர் போட்ட ஜாயின்ட்டுகளில் வெள்ளைப் புள்ளிகள் வர ஆரம்பித்தன. கை நடுங்கியது. நடுக்கம் நிற்பதற்காகவே காலையில் ஒரு கட்டிங் போட்டுவிட்டு வேலைக்குப் போனார். கம்பெனியில் முதலில் டார்ச்சை வாங்கிக்கொண்டு க்ரைண்டிங்கில் விட்டார்கள். பிறகு, "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுத்துட்டு வாங்கண்ணே" என்று அனுப்பிவிட்டார்கள்.

அதற்கு முன்பே மூன்று தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். ஒவ்வொரு தடவையும் எட்டு நாள், பத்து நாள். வருடக்கணக்கில் தினமும் குடித்த ஒருவர் திடீரென்று நிறுத்தினால் உடம்பு சும்மா இருக்காது. முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள் ஆள் நிலைதடுமாறி, இல்லாத பூச்சியைச் சுவரில் பார்த்து அடிக்கலாம். கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் "வீட்லயே ரூம்ல போட்டுப் பூட்டிருங்க" என்று சொந்தக்காரர்கள் தரும் ஐடியாவைக் கேட்கவே கூடாது. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து, பி1 வைட்டமின் ஊசி போட்டு, அந்த வாரத்தைத் தாண்ட வைப்பார்கள். மாமா மூன்று தடவையும் பளிச்சென்று திரும்பி வந்தார். அதிகபட்சம் இருபத்து மூன்று நாள் தாங்கியது.

இதை வைத்து அவருக்கு மனவுறுதி இல்லை என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். எனக்கு அது அப்போதே சரியாகப் படவில்லை. பத்து நாளில் உடம்பிலிருந்து சாராயம் இறங்கிவிடுகிறது, சரி. ஆனால் அவர் திரும்பி வருவது அதே தெருவுக்கு, அதே சனிக்கிழமை சம்பளத்துக்கு, அதே நாலு கூட்டாளிகளுக்கு. சாயங்காலம் ஆறு மணி ஆனால் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியாது. பத்தொன்பது வயதிலிருந்து ஆறு மணிக்கு அவர் வேறு எதையும் செய்து பழகியதில்லை. அந்த ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியில் மருந்து கிடையாது.

நாலாவது தடவை யாரோ சொல்லிக் கேட்டு ஒரு இடத்துக்குப் போன் பண்ணினார்கள். ராத்திரி பதினொரு மணிக்கு வேனில் நாலு பேர் வந்து தூக்கத்திலிருந்த மாமாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பாப்பா (மாமா பொண்ணு, ஏழாவது படிக்கிறாள்) கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது நாள் கழித்து மாமா ஒன்பது கிலோ குறைந்து வந்தார். முதுகில் தழும்பு. அங்கே என்ன சிகிச்சை என்று கேட்டதற்கு, "பூட்டி வச்சிருந்தாங்க. அதான் சிகிச்சை" என்றார். வந்த அன்றைக்கே குடித்தார். அந்த இடத்துக்குப் பதிவு இருந்ததா என்று யாரும் விசாரிக்கவில்லை, விசாரிக்க வேண்டும் என்று வீட்டில் யாருக்கும் தெரியவும் தெரியாது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் குடி, போதை சார்ந்த மனநலப் பாதிப்புகளையும் சேர்த்துத்தான் பேசுகிறது. பதிவு இல்லாமல் இப்படிப்பட்ட நிலையம் நடத்தக் கூடாது, யாரையும் சங்கிலியில் கட்டக் கூடாது என்று அதில் இருக்கிறது. உங்கள் வீட்டில் யாருக்காவது இடம் தேடுகிறீர்கள் என்றால் 14446 என்ற தேசிய இலவச எண்ணில் ஆரம்பியுங்கள். வேன் அனுப்புகிறோம் என்று சொல்பவரிடம் ஆரம்பிக்காதீர்கள்.

கத்தார், மன்னிக்கவும், அந்த இல்லம், இதற்கு அப்புறம்தான் வருகிறது. அதைச் சொன்னது மாமாவுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர். போவதா வேண்டாமா என்று மாமா ஒரு மாதம் யோசித்தார். இந்த முறை யாரும் தூக்கவில்லை. ஆஸ்பத்திரியில் பத்து நாள் முடித்துவிட்டு, தன் கையாலேயே பை எடுத்துக்கொண்டு போய், தானே கையெழுத்துப் போட்டுச் சேர்ந்தார். குறைந்தது ஒன்பது மாதம் என்றார்கள். அம்மாச்சி அழுதுவிட்டது. "பத்து நாள்ல ஆகாதது ஒம்போது மாசத்துல ஆயிருமா?"

இந்த மாதிரி இடங்களை தெரப்யூட்டிக் கம்யூனிட்டி என்கிறார்கள், சுருக்கமாக டி.சி. (நமக்கு டி.சி. என்றதும் வேறு பயம் வரும். பாதி பேருக்கு ரெண்டும் ஒண்ணுதான் என்று அங்கே ஒரு அண்ணன் ஜோக் அடித்தார்.) முதல் ஒரு மாதம் பார்க்கவும் விடவில்லை, போனும் கிடையாது. அதற்கப்புறம் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போகலாம். அம்மா, அத்தை, பாப்பா, நான். இன்டர்னல் டெஸ்ட் வாரம் இரண்டைத் தவிர நான் எல்லா மாதமும் போனேன்.

போனதும் என் கண்ணில் பட்டது கேட். அதில் பூட்டு இல்லை. உள்ளே தோட்டம், மாட்டுக் கொட்டகை, நீளமான ஹால், ஹாஸ்டல் மாதிரி வரிசையாகக் கட்டில். நம்ம ஹாஸ்டல் மாதிரி இல்லை, எல்லாக் கட்டிலிலும் போர்வை மடித்து ஒரே நேர்கோட்டில் இருந்தது. நாற்பத்தாறு ஆண்கள். பத்தொன்பது வயதிலிருந்து அறுபது வயது வரை. லாரி டிரைவர், வங்கிக்காரர், மீன் வியாபாரி, ஒரு தமிழ் வாத்தியார். சமையல்காரர் கிடையாது, வாட்ச்மேன் கிடையாது, கூட்டிப் பெருக்க ஆள் கிடையாது. எல்லாமே அவர்கள்தான். ஒரு கவுன்சலர், வாரம் இரண்டு முறை வரும் டாக்டர், இரவில் தங்கும் இரண்டு பேர், அவ்வளவுதான் ஸ்டாஃப். அதில் மூன்று பேர் அதே இல்லத்தில் முன்பு இருந்து மீண்டவர்கள்.

காலை ஐந்தரைக்கு மணி. ஆறரைக்குக் காலை மீட்டிங். ஒருவர் செய்தித்தாள் வாசிப்பார், ஒருவர் வானிலை சொல்வார், ஒருவர் பாட்டுப் பாடுவார். அப்புறம் நேற்று நடந்த கோளாறுகள். டம்ளரைக் கழுவாமல் வைத்தது யார், பல் தேய்க்கிற இடத்தில் குழாயை மூடாமல் போனது யார். செய்தவர் எழுந்து நின்று "நான்தான்" என்று சொல்ல வேண்டும். பார்த்தும் சொல்லாமல் இருந்தவருக்கும் திட்டு விழும். ஏனென்றால் அங்கே கூட்டாளியைக் காப்பாற்றுவது என்பதற்கு அர்த்தமே வேறு. இது ரொம்பச் சின்னப்பிள்ளைத்தனமாக எனக்குப் பட்டது. குழாயை மூடாததற்கும் குடிக்கும் என்ன சம்பந்தம்?

வேலைகள் படிப்படியாக இருக்கும். புதிதாக வருபவர் கழிப்பறையில் ஆரம்பிப்பார். அப்புறம் சமையலுக்கு உதவி, தோட்டம், ஸ்டோர். நன்றாகச் செய்தால் ஒரு பிரிவுக்குப் பொறுப்பாளர். தப்புச் செய்தால் மறுபடி கழிப்பறை. குடித்தாலோ கை நீட்டினாலோ வெளியே. மாமா சேர்ந்தபோது அவருக்கு நாற்பத்தொரு வயது. அவருடைய பொறுப்பாளருக்கு இருபத்து மூன்று. இன்ஜினியரிங் மூன்றாவது வருடத்தில் மாத்திரைப் பழக்கத்தில் மாட்டி, பதினொரு அரியரோடு படிப்பை விட்டவன். முதல் முறை நாங்கள் போயிருந்தபோது எங்கள் கண் முன்னாலேயே அவன் வந்து, "அண்ணே, வெங்காயத் தோலு வாசல்ல கெடக்கு. பாக்கலயா?" என்றான். மாமா வீட்டில் அம்மாச்சி சொன்னாலே தட்டைத் தூக்கி எறிகிறவர். நான் அத்தையைப் பார்த்தேன், அத்தை என்னைப் பார்த்தார். மாமா எழுந்து போய் அள்ளிப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். "தேங்க்ஸ் தம்பி" என்று வேறு சொன்னார். சொல்லித்தான் ஆக வேண்டுமாம், அது ரூல். மனசுக்குள் என்ன இருந்தாலும் முதலில் மாறிவிட்ட ஆள் மாதிரி நடந்துகொள், மனசு பின்னால் வரட்டும் என்பது அங்கே ஒரு கொள்கை. வீடு திரும்பும் பஸ்ஸில் அத்தை, "நடிக்கிறாரா தம்பி?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது.

நாலாவது மாதம் மாமாவே சொன்ன கதை இது. சேர்ந்து பத்தொன்பதாவது நாள். வீட்டிலிருந்து போன் இல்லை, தூக்கம் இல்லை, கழிப்பறை முடிந்து சமையலுக்கு மாற்றியிருந்தார்கள். சாயங்காலம் டீ குடிக்கும்போது முடிவு செய்துவிட்டார், கிளம்புவது என்று. பையில் துணி எடுத்து வைத்தாயிற்று. கேட் திறந்துதான் கிடக்கிறது. ஏழே முக்காலுக்குக் கடைசி பஸ்.

"அப்பதான் ஞாபகம் வந்துச்சு மாப்ள. மத்தியானம் அஞ்சு கிலோ அரிசி ஊறப் போட்டிருந்தேன். மாவு டியூட்டி எனக்கு. நான் போயிட்டா காலைல நாப்பத்தாறு பேருக்கு இட்லி இல்ல. சரி, ஆட்டி வச்சுட்டுப் போயிருவோம்னு நெனச்சேன். அந்த கிரைண்டர் ஒரு சனியன், பெல்ட் நழுவிக்கிட்டே இருக்கும். முடிக்க எட்டரை ஆயிருச்சு. பஸ்ஸு போயிருச்சு. காலைல போலாம்னு படுத்துட்டேன்."

"காலைல?"

"காலைல இட்லி நல்லா வந்துருந்துச்சு."

நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். ஆனால் குழாய்க்கும் குடிக்கும் என்ன சம்பந்தம் என்ற என் கேள்விக்குப் பதில் எனக்கு இந்தக் கதையில்தான் கிடைத்தது. எங்கள் வீட்டில் கடைசி ஐந்து வருடமாக மாமாவை நம்பி யாரும் ஒரு லிட்டர் பால் வாங்கிவரக்கூடச் சொன்னதில்லை. எல்லாமே அவருக்காக, அல்லது அவருக்கு எதிராக, மற்றவர்கள் செய்வதுதான். அவர் இல்லாவிட்டால் எதுவும் நிற்காது. இங்கே அவர் இல்லாவிட்டால் இட்லி நிற்கும்.

அந்த வாரம் ஹாஸ்டலுக்கு வந்ததும் இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். (அந்த செமஸ்டரின் ஹீட் ட்ரான்ஸ்ஃபர் மார்க்கைக் கேட்காதீர்கள்.) இந்த முறையின் ஆரம்பம் அமெரிக்காவில், 1958-ல், கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகாவில். சார்லஸ் டெடரிச் என்ற குடியிலிருந்து மீண்ட மனிதர் ஆரம்பித்த சினனான் என்ற இடம். ஹெராயின் அடிமைகளைக் குணப்படுத்தவே முடியாது என்று பலரும் கைவிட்டிருந்த காலம். அடிமையாக இருந்தவர்களே சேர்ந்து வாழ்ந்து, வேலை செய்து, வட்டமாக உட்கார்ந்து ஒருவர் பொய்யை இன்னொருவர் உடைத்து, ஒருவரை ஒருவர் நேராக்கிக்கொள்ளலாம் என்று அவர்கள் காட்டினார்கள். அதைப் பார்த்து 1963-ல் நியூயார்க்கில் டேடாப் வந்தது. 1967-ல் அதே ஊரில், ஆஸ்பத்திரியில் பழக்கமான ஆறு ஹெராயின் அடிமைகள் வெளியே வந்ததும் பிரிந்து போகாமல் ஒரே வீட்டில் சேர்ந்து தங்கினார்கள். அதுதான் பின்னால் ஃபீனிக்ஸ் ஹவுஸ் ஆனது. அந்த ஆறு பேருக்கும் எங்க மாமாவின் ஆறு மணிப் பிரச்சினை தெரிந்திருக்கும். ஜார்ஜ் டி லியோன் என்ற உளவியலாளர் இந்த இடங்களைப் பல வருடம் ஆராய்ந்து 2000-ல் ஒரு புத்தகம் எழுதினார். அவர் சொல்வதைச் சுருக்கினால், இங்கே மருந்து என்பது கூட இருக்கிற மனிதர்கள்தான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது சான்ஃபிரான்சிஸ்கோவில் இருக்கும் டிலான்சி ஸ்ட்ரீட். 1971-ல் ஆரம்பித்தது. சிறையிலிருந்தும் தெருவிலிருந்தும் வருபவர்கள் குறைந்தது இரண்டு வருடம் இருக்க வேண்டும். சம்பளம் வாங்கும் கவுன்சலர் பட்டாளம் எல்லாம் கிடையாது, முன்னால் வந்தவர் பின்னால் வந்தவருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். ரெஸ்டாரன்ட் நடத்தியிருக்கிறார்கள், வீடு மாற்றும் லாரி கம்பெனி நடத்துகிறார்கள், அந்த வருமானத்தில்தான் வண்டி ஓடுகிறது. 1990-ல் முடிந்த அவர்களுடைய பெரிய கட்டடத்தை அங்கே இருந்தவர்களே வேலை கற்றுக்கொண்டு கட்டினார்கள். சிவில் நண்பர்கள் படம் தேடிப் பாருங்கள்.

ஆனால் முதலில் ஆரம்பித்த சினனான் என்ன ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். வருடங்கள் போகப் போக அது டெடரிச்சின் தனி ராஜ்ஜியமாகிவிட்டது. உள்ளே வந்தவர் வெளியே போகக் கூடாது, எல்லோரும் மொட்டை, எதிர்த்தவருக்கு அடி. 1978-ல் அவர்களுக்கு எதிராக வழக்கு நடத்திய பால் மொரான்ட்ஸ் என்ற வழக்கறிஞரின் தபால் பெட்டிக்குள் உயிருள்ள விஷப்பாம்பைப் போட்டார்கள். கடி வாங்கி அவர் பிழைத்தார். 1991-ல் சினனான் கலைந்தது. இத்தாலியில் 1978-ல் ஆரம்பித்த சான் பத்ரிஞானோவிலும் ஆரம்ப காலத்தில் ஆட்களைச் சங்கிலியில் கட்டி வைத்ததாக வழக்கு நடந்தது. நெட்ஃப்ளிக்ஸில் 2020-ல் அது பற்றித் தொடரே வந்தது. இன்றைக்கும் அந்த இடம் இயங்குகிறது, கட்டணம் வாங்காமல்.

எங்க மாமாவை நாற்பது நாள் பூட்டி வைத்த இடமும், பதினோரு மாதம் மாவாட்ட வைத்த இடமும் வெளியிலிருந்து பார்த்தால் கிட்டத்தட்ட ஒன்றுதான். இரண்டிலும் சீக்கிரம் எழுப்புவார்கள், இரண்டிலும் அதட்டுவார்கள். கூட இருப்பவர்களின் அழுத்தம் என்ற அதே கருவிதான். நம் ஊர் ராகிங்கும் அதே கருவிதான். கேட்டில் பூட்டு இருக்கிறதா, அதட்டுகிறவனை இன்னொருவன் அதட்ட முடியுமா, இந்த இரண்டை மட்டும் பார்த்தால் போதும் என்பது என் கணக்கு. அந்த இருபத்து மூன்று வயதுப் பொறுப்பாளனை ஆறாவது மாதம் மாமாவே காலை மீட்டிங்கில் எழுப்பி நிறுத்தினார், ஸ்டோர் கணக்கில் பிஸ்கட் பாக்கெட் இடித்ததால். அவன் "நான்தான் அண்ணே" என்றான். மறுபடி கழிப்பறைக்குப் போனான்.

எத்தனை நாள் வேண்டும் என்ற அம்மாச்சியின் கேள்விக்கு வருகிறேன். இப்படிப்பட்ட இடங்களில் சேர்பவர்களில் பாதியில் ஓடுபவர்கள் அதிகம், அதிலும் முதல் சில வாரங்களில்தான் ரொம்ப அதிகம். தங்கும் காலம் கூடக் கூடப் பலனும் கூடுகிறது, மூன்று மாதத்துக்குக் கீழே என்றால் பெரிதாகப் பிரயோஜனம் இல்லை என்று ஆராய்ச்சிகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. கியாரண்டி எதுவும் இல்லை. மாமாவோடு அதே மாதம் சேர்ந்தவர்கள் ஐந்து பேர். முழுதாக முடித்தவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் வெளியே வந்து ஏழு வாரத்தில் மறுபடி குடித்து, தானே பை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். அன்றைக்குக் காலை மீட்டிங்கில் நாற்பது பேரும் எழுந்து கை தட்டினார்களாம்.

அங்கே ஏன் ஆண்கள் மட்டும் என்று கவுன்சலரிடம் கேட்டேன். பெண்கள் இருந்தால் இவர்கள் வாயே திறக்க மாட்டார்கள் என்றார். ஆண்கள் மட்டும் இருந்தாலே திறக்க இரண்டு மாதம் ஆகிறது. அந்த மீன் வியாபாரி ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும், தன் அம்மா சாவுக்குப் போதையில் போய்ச் சேராததைச் சொல்லிவிட்டு அழுதார். பக்கத்தில் இருந்தவர் தோளில் கை போட்டார், ஒன்றும் பேசவில்லை. டாஸ்மாக் பாருக்கு வெளியே இரண்டு ஆண்கள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான கணக்கெடுப்பில், குடிக்கும் ஆண்கள் 27.3 சதவீதம், பெண்கள் 1.6 சதவீதம். இந்த 1.6-க்குள் இருப்பவர்கள் எங்கே போவார்கள் என்பது தனிக் கட்டுரை. அவர்களுக்கான இடங்கள் மிகக் குறைவு.

ஆனால் இந்த மாதிரிக் கதைகளில் வெளியே இருக்கும் பெண்கள் எப்போதும் ஓரமாகத்தான் வருவார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. மாதம் பன்னிரண்டாயிரம் ரூபாய் கட்டணம். அம்மாவின் செயின் அடகுக்குப் போனது. அத்தை பகலில் ஒரு டெய்லரிங் யூனிட், ராத்திரி வீட்டில் பிளவுஸ் என்று பதினோரு மாதம் தைத்தார். மாமாவுக்கு அங்கே நாற்பத்தைந்து பேர் துணை, கைதட்டல், குரூப். அத்தைக்கு யாரும் குரூப் வைக்கவில்லை. கத்தார் சம்பளம் என்னாச்சு, வீடு கட்டலயா என்று தெருவில் கேட்பதற்கும் அவர்தான் பதில் சொன்னார். சென்னையில் 1980-ல் டி.டி. ரங்கநாதன் பெயரில் வந்த சிகிச்சை மையம் நம் மாநிலத்தில் முன்னோடி. அதை ஆரம்பித்தவர், குடியால் இறந்துபோன அந்த ரங்கநாதனின் மனைவி சாந்தி ரங்கநாதன். சிகிச்சையில் குடும்பத்தையும் உட்கார வைக்க வேண்டும் என்பது அவர்கள் கடைப்பிடிக்கும் முறை. அந்த வலியில் இருந்தவர்தானே ஆரம்பித்தது. மாமாவின் இல்லத்தில் குடும்ப செஷன் மாதம் ஒரு மணி நேரம். ஒருமுறை அதில் அத்தையிடம் "உங்களுக்கு என்ன கோபம்?" என்று கேட்டார்கள். அத்தை ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "சொன்னா பஸ்ஸு போயிரும் சார்" என்றார்.

ஒன்பதாவது மாதத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டார்கள். முதலில் கடைத்தெரு, இருநூறு ரூபாய் கொடுத்து, பில்லோடு மீதி. அப்புறம் இரண்டு நாள் வீடு. வீட்டுக்கு வந்த முதல் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு மாமா எழுந்து கிரைண்டரைக் கழுவ ஆரம்பித்தார். "அரிசி ஊறப் போட்டாச்சா?" என்று அத்தையிடம் கேட்டார். அத்தை போடவில்லை. கடையில் பாக்கெட் மாவு வாங்கித்தான் பழக்கம். அன்றைக்கு மாமா ஏழு மணிக்கு ஊறாத அரிசியை வைத்துக்கொண்டு கிரைண்டர் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். பாப்பாவும் பக்கத்தில் போய் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள்.

முழுதாகத் திரும்பியது போன வருடம் ஆடி மாதம். தெருவில் கோடாலித் தைலமும் சாக்லேட்டும் கேட்டார்கள். திருச்சி பர்மா பஜாரில் வாங்கிக் கொடுத்தோம்.

பழைய கம்பெனியில் எடுக்கவில்லை. வேறொரு சின்ன ஷாப்பில் ஹெல்பராகச் சேர்ந்தார், பழைய சம்பளத்தில் பாதிக்கும் குறைவு. தன்னைவிடப் பதினைந்து வயது சின்னவன் "அண்ணே, அந்த கேஸ் லைனைப் பிடிங்க" என்றால் பிடித்தார். "அங்க பழகிருச்சு மாப்ள, வெங்காயத் தோலுக்கே எந்திரிச்சவன்" என்பார். ஐந்து மாதம் கழித்து அந்த ஓனரே டெஸ்ட் எழுத விட்டார். 6ஜி பொசிஷன், குழாயை நாற்பத்தைந்து டிகிரி சாய்த்து நிறுத்தி, சுற்றி வந்து போட வேண்டும். முதல் பீஸ் ஃபெயில். ஃபிலிமில் ஓரிடத்தில் கறுப்பாகக் காற்றுக் குமிழ் வரிசை. மாமா அந்த ஃபிலிமை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தாராம். காற்றுக் குமிழ்தான், வெள்ளைப் புள்ளி ஒன்றுகூட இல்லை. மூன்று வாரம் கழித்துப் போட்ட இரண்டாவது பீஸ் பாஸ்.

இப்போது டார்ச் பிடிக்கிறார். இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு அந்த இல்லத்துக்குப் போய்ப் புதிதாக வந்தவர்களோடு உட்கார்ந்துவிட்டு வருகிறார். போன தடவை அவர்களுடைய கிரைண்டருக்குப் புது பெல்ட் வாங்கிக்கொண்டு போனார். இன்றோடு பதினான்கு மாதம். அவர் நாளாகத்தான் எண்ணுகிறார், நான் மாதமாக எண்ணுவது அவருக்குப் பிடிக்காது.

ஏடிஎம் கார்டு இன்னும் அத்தையிடம்தான் இருக்கிறது. போன வாரம் லீவுக்குப் போனபோது, "எப்ப அத்தை திருப்பிக் குடுப்பீங்க?" என்று கேட்டேன்.

"அவரு கேக்கட்டும் தம்பி, பாக்கலாம்" என்றார், ஊசியில் நூல் கோத்துக்கொண்டே.

மாமா இன்னும் கேட்கவில்லை.